பீட் ரோஸ் கையெழுத்துப் போட்ட பந்து

சின்சினாட்டி
ஜூன் 2025

அன்புள்ள மாப்ளே,

உன் கடிதம் வந்து மூன்று வாரம் ஆகிறது. தாமதத்துக்குக் கோபித்துக்கொள்ளாதே. முழங்கால் ஆபரேஷன் நல்லபடியாக முடிந்தது. இப்போது கைத்தடி இல்லாமலே தெருமுனை வரைக்கும் போய் வருகிறேன். மகள் குடும்பம் டெட்ராய்ட்டை விட்டு இங்கேயே வந்துவிட்டது. பேரனுக்கு ஒன்பது வயது, பேஸ்பால் பைத்தியம். அவனைப் பற்றி அப்புறம் சொல்கிறேன்.

"பீட் ரோஸ் மேல் இருந்த தடையை எடுத்துவிட்டார்களே, இப்போதாவது உனக்குச் சந்தோஷமா?" என்று கேட்டிருந்தாய். மே 13 அன்று செய்தி வந்ததிலிருந்து வீட்டிலும் இதே கேள்விதான். இந்த ஊர் ரெட்ஸ் அணிக்காக ஆடி, பிறகு அதன் மானேஜராகவும் இருந்தவர் பேஸ்பாலில் பந்தயம் கட்டினார் என்று தடை போட்டது 1989 ஆகஸ்டில். அவர் போன செப்டம்பர் 30 அன்று லாஸ் வேகஸில் இறந்தார். இறந்தவரால் ஆட்டத்தின் நேர்மைக்கு இனி ஆபத்தில்லை என்று பேஸ்பால் கமிஷனர் மான்ஃப்ரெட், தடைப் பட்டியலிலிருந்து அவர் பெயரை நீக்கிவிட்டார். வாழ்நாள் முழுக்கக் கேட்டு நின்றவருக்கு, வாழ்நாள் முடிந்ததால் கிடைத்தது. இதில் சந்தோஷப்பட எனக்கு வரவில்லை.

அடுத்த நாளே மைதானத்தில் அவருக்கான சிறப்பு இரவு. அது முன்பே குறித்த தேதி. அன்றைக்கு எதிரணி சிகாகோவின் ஒயிட் சாக்ஸ். 1919 உலகத் தொடரில், அதாவது பேஸ்பால் இறுதிப் போட்டியில், காசு வாங்கிக்கொண்டு தோற்றதாக எட்டுப் பேரைத் தடை செய்தார்களே, அந்த ஒயிட் சாக்ஸ்தான். அவர்களில் ஒருவரான ஷூலெஸ் ஜோ ஜாக்சனின் பெயரும் இதே உத்தரவில்தான் நீங்கியது. அந்தத் தொடரில் ஜெயித்தது நம் ரெட்ஸ். பேரனைக் கூட்டிக்கொண்டு போனேன். எங்கே பார்த்தாலும் அவருடைய எண் 14 போட்ட சட்டைகள். என் வயதுக்காரர்கள் பலர் கண்ணைத் துடைத்துக்கொண்டார்கள். நானும் துடைத்துக்கொண்டேன். ஆனால் எதற்காக என்று பக்கத்தில் யாராவது கேட்டிருந்தால் பதில் சொல்லத் தெரிந்திருக்காது.

1985 செப்டம்பர் உனக்கு ஞாபகம் இருக்கும். கிளிஃப்டனில் ஒரே அறையில் இருந்தோம், கையில் காசு கிடையாது. டை காப் என்ற பழைய ஆட்டக்காரரின் ஹிட் சாதனையை ரோஸ் இந்த ஊரில்தான் முறிக்க வேண்டும் என்று எல்லோருக்கும் ஆசை. ஞாயிற்றுக்கிழமை சிகாகோவில் இடக்கை பிட்ச்சர் என்பதால் அவர் ஆட மாட்டார் என்று நிம்மதியாக இருந்தார்கள். அன்றைக்குப் பந்து வீச வேண்டிய இடக்கை பிட்ச்சர் சைக்கிளிலிருந்து விழுந்து அடிபட்டுக்கொள்ள, வலக்கைக்காரர் வந்தார். அப்போது ரோஸ்தான் மானேஜரும் ஆட்டக்காரரும், தன் பெயரைத் தானே பட்டியலில் எழுதிக்கொண்டு இறங்கி இரண்டு ஹிட் அடித்தார். டை காப்பின் 4,191ஐத் தொட்டாயிற்று. சாதனை அங்கேயே முறிந்துவிடுமோ என்று நாம் ரேடியோவைக் கட்டிக்கொண்டு உட்கார்ந்திருந்தோம். செவ்வாய்க்கிழமை இங்கே ஒரு ஹிட்டும் இல்லை. புதன்கிழமை, 11ஆம் தேதி, நாம் மேல் அடுக்கில்.

முதல் இன்னிங்ஸ். எரிக் ஷோ வீசிய பந்தை ரோஸ் அடித்தார், அது இடதுபக்க நடு வெளியில் விழுந்தது. அப்புறம் ஏழு நிமிடம் யாரும் உட்காரவில்லை. எரிக் ஷோ பந்து வீசும் மேட்டிலேயே உட்கார்ந்துவிட்டார், ஞாபகம் இருக்கிறதா? முதல் பேஸில் ரோஸ் தனியாக நின்று பயிற்சியாளர் தோளில் சாய்ந்து அழுதார். பதினைந்து வயது மகன் ஓடி வந்து கட்டிக்கொண்டான். நீ என் தோளை உலுக்கி உலுக்கி மறுநாள் எனக்குக் கை தூக்க முடியவில்லை. ஊரை விட்டு வந்து ஒரு வருஷம் ஆகியிருந்தது, அதுவரைக்கும் இந்த ஊரில் நாம் விருந்தாளிகள். அந்த இரவில்தான் இதை நம் ஊர் என்று நான் முதலில் நினைத்தேன். அதனால்தான் அவரை விட்டுவிட இத்தனை கஷ்டமாக இருந்தது.

மாப்ளே, அவர் பந்தயம் கட்டியது எனக்குப் பெரிய காயம் இல்லை. காயம் அதற்குப் பிந்தைய பதினைந்து வருஷம். 1987இல் மட்டும் ரெட்ஸின் 52 ஆட்டங்களில் பணம் கட்டியதாக, பேஸ்பால் நிர்வாகத்துக்காக விசாரித்த வக்கீல் டவ்டின் அறிக்கை சொன்னது. அவர் இல்லவே இல்லை என்றார். நானும் அவருக்காக இல்லை என்றேன். ஆபீசில் சண்டை போட்டேன். 2000இல் கிரிக்கெட்டில் குரோனியே சூதாட்ட விஷயம் வெடித்தபோது நீ ஃபிலடெல்ஃபியாவிலிருந்து போன் செய்து, "உங்க ஆளும் இப்படித்தானே" என்றாய். கோபத்தில் போனை வைத்துவிட்டு ஒரு மாதம் உன்னோடு பேசவில்லை. 2004இல் தன் புத்தகத்தில் ஆமாம் என்றார், மானேஜராக இருந்தபோது மட்டும்தான் என்றார். 2015இல் ஒரு நோட்டுப் புத்தகம் வெளியே வந்தது, 1986இல் ஆடிக்கொண்டிருந்தபோதே கட்டியிருக்கிறார். ஒவ்வொரு முறையும் அவருக்காகப் பேசியவர்கள்தான் தலைகுனிந்தோம். உன்னிடம் இதற்கு நான் மன்னிப்புக் கேட்டதே இல்லை. இப்போது கேட்கிறேன்.

"தன் அணி ஜெயிக்கும் என்றுதானே கட்டினார், இதில் என்ன தப்பு" என்று இங்கே இன்னும் சொல்கிறார்கள். தப்பு இருக்கிறது. பணம் கட்டிய ராத்திரி ஒரு மானேஜர் சோர்ந்துபோன மாற்றுப் பிட்ச்சரைக்கூட இறக்குவார், நாளைக்கு அந்தக் கை என்ன ஆகும் என்று பார்க்க மாட்டார். பணம் கட்டாத ராத்திரி, இன்றைக்கு அவருக்கு நம்பிக்கை இல்லை என்று பந்தயம் வாங்கும் புக்கிக்குத் தெரிந்துவிடும். தன் அணி ஆடும் ஆட்டத்தில் பந்தயம் கட்டக்கூடாது என்ற விதி ஒவ்வோர் அணியின் உடை மாற்றும் அறையிலும் ஒட்டியிருக்கும். இருபத்துநான்கு வருஷம் அதைத் தாண்டித்தான் மைதானத்துக்குப் போனார். இப்போது ஒஹாயோவில் போனிலேயே பந்தயம் கட்டலாம். 2023 ஜனவரி 1 அன்று சட்டம் நடைமுறைக்கு வந்தபோது இங்கே ஒரு காசினோவில் முதல் பந்தயம் கட்ட அவரையே கூப்பிட்டார்கள். நான் கட்டுவதும் மானேஜர் கட்டுவதும் ஒன்றா?

சரி, இதை எத்தனை மணி நேரம் வேண்டுமானாலும் பேசுவோம். 4,256 ஹிட், மூன்று உலகத் தொடர், 44 ஆட்டம் தொடர்ந்து அடித்தது, இந்தத் தட்டில் பந்தயத்தை வைத்து அந்தத் தட்டில் சாதனையை வைத்து எடை போடுவோம். எனக்கு இப்போது தோன்றுவது, இன்னொன்றைப் பேசாமல் இருப்பதற்காகத்தான் இதை இத்தனை பேசுகிறோம் என்பது. 2017இல் ஒரு பெண் நீதிமன்றத்துக்குக் கொடுத்த வாக்குமூலம். 1970களில், தனக்குப் பதினாறு வயது ஆவதற்கு முன்பே அவர் தன்னோடு உறவு வைத்திருந்தார் என்று. ரோஸ் உறவை மறுக்கவில்லை. பெண்ணுக்குப் பதினாறு ஆகிவிட்டது என்று நினைத்ததாகச் சொன்னார். இதற்காக அவர் மேல் குற்ற வழக்கு எதுவும் வரவில்லை. அவருக்கு அப்போது முப்பது வயதுக்கு மேல், மனைவி, குழந்தைகள். எனக்கும் ஒரு மகள் இருக்கிறாள்.

2022 ஆகஸ்டில் நீ ஃபிலடெல்ஃபியா மைதானத்தில் இருந்தாய். ரோஸ் ஆடி உலகத் தொடரை ஜெயித்த 1980 ஃபில்லீஸ் அணியைக் கௌரவித்த நாள். அந்தத் தொடரில் கேட்ச்சர் பாப் பூனின் கையுறையிலிருந்து தெறித்த பந்தை ரோஸ் பிடித்த அந்தக் காட்சியை நீ எனக்கு எத்தனை தடவை காட்டியிருப்பாய்! அன்றைக்கு ஒரு பெண் நிருபர் இந்த விஷயத்தைக் கேட்டதற்கு, "அது 55 வருஷத்துக்கு முந்தின கதை, பேபி" என்றார். கூட்டம் எழுந்து கைதட்டியது. ராத்திரி போனில், "நானும் எழுந்தேன், பாதியில் உட்கார்ந்துவிட்டேன்" என்று நீ சொன்னாய். அதை நான் மறக்கவில்லை.

நவம்பரில் அவருக்கு அஞ்சலி செலுத்த மைதானத்தை 14 மணி நேரம் திறந்து வைத்தார்கள், சட்டை எண்ணுக்காக. நான் போனேன். போகாமல் இருக்க முடியவில்லை. வெளியே அந்த வெண்கலச் சிலை இருக்கிறதே, தலைகுப்புறப் பாய்ந்தபடி, இரண்டு கையும் முன்னால் நீட்டி, அதன் அடியில் பூ வைத்திருந்தார்கள். நான் பூ கொண்டுபோகவில்லை.

இப்போது பேரன் கதை. வரவேற்பறை அலமாரியில் ஒரு பந்து இருக்கிறது. வேகஸ் போனபோது வாங்கினேன். அங்கே ஒரு கடையில் மேஜை போட்டு உட்கார்ந்து கையெழுத்துப் போட்டுக்கொண்டிருந்தார். வருஷக்கணக்காக அதுதான் அவர் வேலை. 1985இல் நான் அங்கே இருந்தேன் என்று சொல்ல நினைத்தேன். எனக்கு முன்னால் நின்ற மூன்று பேரும் அதையேதான் சொன்னார்கள், பேசாமல் வாங்கிக்கொண்டு வந்துவிட்டேன். நீல மையில் கையெழுத்து, கூடவே "பேஸ்பாலில் பந்தயம் கட்டியதற்கு வருந்துகிறேன்" என்று ஒரு வரி. போன வாரம் பேரன் அதை எடுத்து, தையல் ஓரமாக விரலை ஓட்டிப் படித்துவிட்டு, "தாத்தா, யாருகிட்ட சாரி சொல்றாரு?" என்றான்.

"எங்ககிட்டதான்" என்றேன். சொல்லி முடித்த பிறகு அந்தப் பெண்ணின் ஞாபகம் வந்தது. அவளுக்கு எந்தப் பந்திலும் எதுவும் எழுதப்படவில்லை. அவனுக்கு வயது போதாது, அதனால் மேற்கொண்டு சொல்லவில்லை. பந்தை அலமாரியிலிருந்து எடுத்து மேஜை டிராயரில் வைத்திருக்கிறேன். தூக்கி எறிய மனம் வரவில்லை.

2027 டிசம்பரில் பதினாறு பேர் கமிட்டி கூடும், பன்னிரண்டு ஓட்டு விழுந்தால் பெரிய ஆட்டக்காரர்களுக்கான ஹால் ஆஃப் ஃபேமில் இடம். விழும் என்றே நினைக்கிறேன். ஆட்டக்காரராக அவர் இடம் அங்கேதான், அதை நான் மறுக்க மாட்டேன். ஆனால் ஹால் ஆஃப் ஃபேம் இருக்கும் கூப்பர்ஸ்டவுனுக்கு இரண்டு பேரும் சேர்ந்து போகலாம் என்று எழுதியிருக்கிறாயே, அந்த விழாவுக்கு நான் வரவில்லை. வேறு எந்த வருஷம் கூப்பிட்டாலும் வருகிறேன்.

ஃபில்லீஸ் அடுத்து இங்கே ஆட வரும்போது நீ வந்து நம் வீட்டில் தங்கு. என்னால் மேல் அடுக்குக்குப் படியேற முடியாது, கீழ் வரிசையிலேயே மூன்று டிக்கெட் எடுக்கிறேன். 1985 டிக்கெட்டின் கிழித்த பாதி உன் பெட்டியில்தான் இருக்க வேண்டும், தேடி எடுத்து வா. பேரன் பார்க்க வேண்டும் என்கிறான்.

அன்புடன்,
உன் பழைய ரூம்மேட்