சான்றிதழோடு சங்கத்தின் பெயரையும் எழுதிக் கொடுங்கள்

மதிப்பிற்குரிய ஆசிரியர் அவர்களுக்கு,

வணக்கம். நம் சேலம் மாவட்டத்தில் மாற்றுத்திறனாளிகள் முகாம் நடந்தால், எத்தனை பேருக்கு ஸ்கூட்டர், எத்தனை பேருக்குக் காதொலிக் கருவி என்ற கணக்கு மறுநாள் செய்தியில் வந்துவிடுகிறது. அந்த உதவிகள் தேவைதான். ஆனால் முகாமிலிருந்து வீடு திரும்பும் குடும்பத்துக்கு, அதே குறைபாட்டோடு பத்து வருடம் ஓட்டிய இன்னொரு குடும்பத்தின் தொடர்பு கிடைப்பதில்லை. அதற்கென்று உள்ள சங்கத்தை எப்படிக் கண்டுபிடிப்பது, தேடுகிறவர்கள் எந்த இடத்தில் வழி தவறுகிறார்கள் என்பதை உங்கள் வாசகர்களுக்காக எழுதுகிறோம். மாவட்ட நிர்வாகத்திடம் ஒரு கோரிக்கையும் இருக்கிறது.

சங்கத்தைத் தேடும் முன் நோயின் சரியான பெயர் கையில் இருக்க வேண்டும். 1995ஆம் ஆண்டுச் சட்டத்தில் 7 வகைக் குறைபாடுகளே இருந்தன. 2017 ஏப்ரலில் நடைமுறைக்கு வந்த மாற்றுத்திறனாளிகள் உரிமைகள் சட்டம், 2016, அதை 21 ஆக்கியது. பழைய அடையாள அட்டைப் புத்தகம் வைத்திருக்கும் பலருக்கு அதில் “கை, கால் பாதிப்பு” என்று மட்டும்தான் இருக்கும். போலியோ, மூளை முடக்குவாதம், தசைச்சிதைவு எல்லாமே அந்த ஒரு வரிக்குள் போய்விடுகின்றன. சதவீதத்தை மட்டும் கேட்டுக்கொண்டு வெளியே வந்துவிடாதீர்கள். “நோயின் பெயரை ஆங்கிலத்தில் பெரிய எழுத்தில் எழுதிக் கொடுங்கள் டாக்டர், எந்தப் பரிசோதனையில் உறுதியானது என்பதையும் எழுதுங்கள்” என்று கேட்டு வாங்குங்கள். அந்தத் துண்டுச் சீட்டு இல்லாமல் எந்தச் சங்கத்துக்குப் போன் செய்தாலும் பேச்சு பாதியில் நின்றுவிடும்.

இந்தப் பெயர் எவ்வளவு முக்கியம் என்பதற்குத் தசைச்சிதைவு நோயையே எடுத்துக்கொள்ளலாம். பையன் நாலு, ஐந்து வயதில் அடிக்கடி விழுவான். கெண்டைக்கால் பருத்திருக்கும். தரையிலிருந்து எழும்போது தொடையில் கையை ஊன்றி ஊன்றி எழுவான். ரத்தப் பரிசோதனையில் எஸ்ஜிஓடி, எஸ்ஜிபிடி இரண்டும் ஏறியிருக்கும். அதைப் பார்த்துக் கல்லீரல் கோளாறு என்று முடிவுகட்டி, கீழாநெல்லியும் பத்தியமுமாக மாதங்கள் ஓடிவிடுவது உண்டு. அந்த என்சைம்கள் தசையிலும் இருப்பவை. தசை சிதையும்போது அவையும் ரத்தத்தில் கலக்கின்றன. சிபிகே என்ற பரிசோதனையையும் சேர்த்துப் பார்த்தால் சந்தேகம் தசைப் பக்கம் திரும்பும். அதன்பின் மரபணுப் பரிசோதனை உறுதி செய்யும். தாய்க்கும் சகோதரிகளுக்கும் அந்தப் பரிசோதனை தேவையா என்பதையும் அப்போதே கேட்டுவிட வேண்டும்.

நோய் உறுதியான பிறகும் பொதுவான ஆலோசனை ஆபத்தில் கொண்டுபோய் விடலாம். போலியோ பாதித்த காலுக்குச் சொல்லும் தசை வலுப்படுத்தும் பயிற்சியை இந்தப் பையனுக்குக் கொடுத்து, படியேறி இறங்கவும் உட்கார்ந்து எழவும் வைத்தால் தசை இன்னும் வேகமாகச் சிதையும். அவனுக்கு வேண்டியது மூட்டு இறுகாமல் தினமும் நீட்டிவிடுவதும், இரவில் கணுக்காலை நேராகத் தாங்கும் ஸ்பிளின்ட் என்ற பட்டையும்தான். ஸ்டீராய்டு மாத்திரை ஆரம்பித்துவிட்டால் ஸ்டாக் தீர்ந்தது என்று திடீரென நிறுத்தக் கூடாது. ஏதாவது அறுவை சிகிச்சை வந்தால் மயக்க மருந்து டாக்டரிடம் தசைச்சிதைவு என்று முன்கூட்டியே சொல்லியாக வேண்டும். சக்சினைல்கோலின் என்ற ஊசி இவர்களுக்கு இதயத்தை நிறுத்திவிடக் கூடியது. பொதுவான மாற்றுத்திறனாளிகள் சங்கத்தில் உள்ளவர்கள் உதவித்தொகை மனுவில் கெட்டிக்காரர்களாக இருப்பார்கள், ஆனால் இந்த விவரம் அவர்களுக்குத் தெரிந்திருக்க வேண்டும் என்பதில்லை. அதே நோயுள்ள குழந்தையின் அம்மாவுக்கு மனப்பாடமாகத் தெரியும்.

இதில் சேலத்துக்கு ஒரு பெருமையும் உண்டு. தசைச்சிதைவு நோயோடே வாழ்ந்து, மற்றவர்களுக்காக ஆதவ் அறக்கட்டளையைத் தொடங்கிய சகோதரிகள் வானவன் மாதேவியும் இயல் இசை வல்லபியும் இந்த ஊர்க்காரர்கள். வானவன் மாதேவி 2017இல் மறைந்தார். தேசிய அளவில் இந்தியத் தசைச்சிதைவுச் சங்கம் ஹிமாச்சலப் பிரதேசத்தின் சோலனில் இயங்குகிறது. அவ்வளவு தூரத்தில் உள்ள சங்கத்தால் நமக்கென்ன பயன் என்று நினைக்க வேண்டாம். “தமிழ்நாட்டில், முடிந்தால் சேலம், நாமக்கல், ஈரோடு பக்கத்தில், தமிழ் பேசும் உறுப்பினர் யாராவது இருக்கிறார்களா?” என்று கேளுங்கள். அரிதான நோய் எதுவானாலும் இந்தக் கேள்விதான் கதவைத் திறக்கும்.

ஹீமோபிலியாவில் இன்னும் துல்லியமாக இருக்க வேண்டும். ரத்தம் உறையாத நோய் என்று சொன்னால் போதாது. ரத்தத்தை உறையவைக்கும் ஃபேக்டர் என்ற புரதங்களில் குறைவது 8 ஆ, 9 ஆ என்று தெரிய வேண்டும். உடல் எடையில் ஒரு கிலோவுக்கு ஒரு யூனிட் என்று ஏற்றினால் ஃபேக்டர் 8 ரத்தத்தில் சுமார் 2 சதவீதம் உயரும், ஃபேக்டர் 9 சுமார் 1 சதவீதம்தான் உயரும். 20 கிலோ பையனுக்கு மூட்டில் ரத்தம் கசிந்து, 40 சதவீத அளவை எட்ட வேண்டும் என்று டாக்டர் சொன்னால், முதலாவதுக்கு 400 யூனிட், இரண்டாவதுக்கு 800 யூனிட். இந்தக் கணக்கு, இடுப்பிலோ தொடையிலோ தசை ஊசி போடக் கூடாது, ஆஸ்பிரின் கூடாது, ஃபேக்டர் ஏற்றாமல் பல் பிடுங்கக் கூடாது என்பதெல்லாம் சங்கக் கூட்டங்களில் திரும்பத் திரும்பச் சொல்லித்தரப்படுபவை. 1983இல் தொடங்கிய ஹீமோபிலியா ஃபெடரேஷன் (இந்தியா) டெல்லியைத் தலைமையிடமாகக் கொண்டது. தமிழ்நாட்டின் பல ஊர்களில் அதற்குக் கிளைகள் உண்டு. அரசு மருத்துவக் கல்லூரி மருத்துவமனைகளில் ஃபேக்டர் இலவசமாகக் கிடைக்கிறது என்றாலும், எந்த மருத்துவமனையில் இன்று இருப்பு உள்ளது என்பதை முதலில் அறிந்திருப்பவர்கள் கிளை உறுப்பினர்கள்தான். வீக்கம் தொடங்கிய முதல் இரண்டு மணி நேரத்தில் அந்தத் தகவலுக்கு விலையே கிடையாது.

ஆட்டிசம், மூளை முடக்குவாதம், அறிவுசார் குறைபாடு, பல்வகைக் குறைபாடு ஆகிய நான்குக்கும் 1999ஆம் ஆண்டின் தேசிய அறக்கட்டளைச் சட்டம் தனியாக இருக்கிறது. இந்தக் குடும்பங்கள் சங்கம் தேடும்போது, “உங்கள் அமைப்பு நேஷனல் டிரஸ்ட்டில் பதிவு செய்ததா?” என்று கட்டாயம் கேட்க வேண்டும். பதிவு பெற்ற அமைப்பு வழியாகத்தான் நிராமயா என்ற மருத்துவக் காப்பீட்டுக்கு வழக்கமாக விண்ணப்பிக்கிறார்கள். ஆண்டுக்கு 1 லட்சம் ரூபாய் வரை கிடைக்கும், தெரபிச் செலவும் அதில் உண்டு. மார்ச் 31 உடன் காப்பீட்டு ஆண்டு முடிந்துவிடும். புதுப்பிக்க மறந்தவர்களுக்கு அது ஏப்ரலில் ஆஸ்பத்திரி பில்லோடுதான் தெரியவருகிறது.

அதைவிடப் பெரிய சிக்கல் 18 வயதில் வருகிறது. அதுவரை மகனுக்காகக் கையெழுத்துப் போட்ட அப்பா, அம்மா, 18 நிறைந்ததும் தாமாகவே சட்டப்பூர்வப் பாதுகாவலர் ஆகிவிடுவதில்லை. கலெக்டர் தலைமையில் உள்ளூர் அளவிலான குழு ஒன்று உண்டு. அதில் பதிவு பெற்ற அமைப்பின் பிரதிநிதியும் ஒரு மாற்றுத்திறனாளியும் உறுப்பினர்கள். பாதுகாவலர் நியமனம் அந்தக் குழுவின் வேலை. வங்கியில் கணக்கு முடங்கிய பிறகு ஓடுவதற்குப் பதில், 17 வயதிலேயே பெற்றோர் சங்கத்தில் சேர்ந்து காகிதங்களைத் தயார் செய்யலாம். பெற்றோர் அமைப்புகளின் தேசியக் கூட்டமைப்பான பரிவார், சென்னையில் வித்யா சாகர், டவுன் சிண்ட்ரோம் ஃபெடரேஷன் ஆஃப் இந்தியா, முட்டுக்காட்டில் உள்ள மத்திய அரசின் பல்வகைக் குறைபாடுடையோர் தேசிய நிறுவனம் ஆகியவற்றில் விசாரித்தால் நம் பக்கத்து அமைப்புகளின் பெயர் கிடைக்கும். குழந்தை சிறியதாக இருந்தால் சேலம் அரசு மோகன் குமாரமங்கலம் மருத்துவக் கல்லூரி மருத்துவமனையிலுள்ள குழந்தைகளுக்கான தொடக்கநிலை இடையீட்டு மையத்தில் வரிசையில் நிற்கும் மற்ற பெற்றோரிடம் பேசுங்கள். பல சங்கங்கள் அந்த பெஞ்சில்தான் பிறக்கின்றன.

மனநோய் உள்ளவர்களின் குடும்பங்கள் வெளியே சொல்லாமலே இருந்துவிடுகின்றன. அதுவும் சட்டத்தின் 21 வகைகளில் ஒன்றுதான். சென்னையில் 1984 முதல் இயங்கும் ஸ்கார்ஃப் போன்ற நிறுவனங்களில் குடும்பத்தினருக்கான ஆதரவுக் குழுக்கள் பற்றிக் கேட்கலாம். அவசரத்துக்கு 14416, டெலி மானஸ் என்ற அரசின் மனநல உதவி எண், தமிழிலேயே பேசலாம். காதுகேளாதோர் சங்கத்துக்குப் போகிறவர்கள் பிள்ளையை மட்டும் அனுப்பாமல் வீட்டார் அனைவரும் போய்ச் சைகை மொழி பழகுவது நல்லது.

கிடைத்த அமைப்பு எல்லாமே நல்லது என்றும் சொல்ல மாட்டோம். பேச்சுப் பயிற்சியோ சிறப்புக் கல்வியோ கொடுப்பவரிடம் இந்திய மறுவாழ்வு கவுன்சிலின் பதிவு எண்ணைக் கேளுங்கள். மாற்றுத்திறனாளிகளுக்கான இல்லமோ பள்ளியோ நடத்தினால் 2016ஆம் ஆண்டுச் சட்டப்படி பதிவுச் சான்று பெற்றிருக்க வேண்டும். அதைக் காட்டச் சொல்லுங்கள். அசல் சான்றிதழ்களை யாரிடமும் விட்டுவராதீர்கள், நகல் போதும். ஆட்டிசத்துக்கும் மூளை முடக்குவாதத்துக்கும் ஸ்டெம் செல் ஊசி என்று லட்சக்கணக்கில் கேட்பவர்களை அழைத்துவரும் குழுவிலிருந்து அன்றே விலகிவிடுங்கள். சில ரத்த நோய்கள் போன்றவற்றுக்கு அங்கீகரிக்கப்பட்ட, ரத்த ஸ்டெம் செல்லை மாற்றிப் பொருத்தும் சிகிச்சை தவிர, மற்றதெல்லாம் ஆராய்ச்சிக் கட்டத்தில்தான் இருக்கிறது என்று 2017ஆம் ஆண்டின் தேசிய வழிகாட்டு நெறிமுறை சொல்கிறது. ஆராய்ச்சியில் சேர்ப்பவர் நோயாளியிடம் பணம் வாங்கக் கூடாது.

நோய்வாரிச் சங்கம் மருத்துவத்துக்கு வழிகாட்டும். உரிமை மறுக்கப்படும்போது நிற்பதற்கு வேறு ஆட்கள் வேண்டும். தமிழ்நாடு அனைத்து வகை மாற்றுத்திறனாளிகள் மற்றும் பாதுகாப்போர் உரிமைகளுக்கான சங்கம், டிசம்பர் 3 இயக்கம் போன்றவை அந்த வகை. மாதம் 2,000 ரூபாய் பராமரிப்பு உதவித்தொகைக்கு மனுக் கொடுத்துவிட்டுக் காத்திருப்பவர்கள், திங்கட்கிழமை குறைதீர் கூட்டத்தில் மனு எண் போட்ட ரசீதை வாங்காமல் வருவதுதான் அடிக்கடி நடக்கும் தவறு. எண் இல்லாத மனுவைப் பின்தொடர எந்தச் சங்கத்தாலும் முடியாது. வழக்கு என்று வந்தால், மாற்றுத்திறனாளிகளுக்கு வருமான வரம்பு இல்லாமல் இலவச வழக்கறிஞர் உதவி உண்டு. அஸ்தம்பட்டி நீதிமன்ற வளாகத்தில் மாவட்டச் சட்டப்பணிகள் ஆணைக்குழுவை அணுகலாம். எங்கே கேட்பது என்றே தெரியாதவர்கள் மாநில உதவி எண் 1800 425 0111 இல் தொடங்கலாம்.

ஏற்காட்டின் நிலைமை வேறு. நாகலூர், மாரமங்கலம், செம்மநத்தம் பக்கத்திலிருந்து சேலம் வந்துபோனால் எஸ்டேட்டில் ஒருநாள் கூலி போய்விடும். கூட வருபவருக்கும் போகும். நகரத்துச் சங்கத்தின் மாதக் கூட்டத்துக்கு வரச்சொல்வது அவர்களுக்குப் பொருந்தாது. அங்கே செய்யக்கூடியது சுய உதவிக் குழு. பொதுக் குழுவுக்குக் குறைந்தது 10 பேர் வேண்டும், மாற்றுத்திறனாளிகள் குழுவுக்கு 5 பேர் போதும். ஆண், பெண் சேர்ந்திருக்கலாம், பேச முடியாத பிள்ளைக்காகப் பெற்றோர் உறுப்பினராகலாம். குறைபாடு வேறுவேறாக இருந்தாலும் பரவாயில்லை. குழுவில் ஒருவரிடம் போன் இருந்தால் அவர் வழியாக ஒவ்வொருவரும் தத்தம் நோய்க்கான சங்கத்தோடு பேசிக்கொள்ளலாம். பிற்பாடு சங்கமாகப் பதிய விரும்பினால் 1975ஆம் ஆண்டுச் சங்கங்கள் பதிவுச் சட்டப்படி 7 பேர் இருந்தால் மாவட்டப் பதிவாளரிடம் விண்ணப்பிக்கலாம். உள்ளாட்சி மன்றங்களில் மாற்றுத்திறனாளிகளை நியமன உறுப்பினராக்கும் சட்டத் திருத்தங்கள் 2025இல் நிறைவேறியிருக்கின்றன. ஏற்காடு ஒன்றியத்தின் 9 ஊராட்சிகளிலும் அப்படி அமர்பவருக்குப் பின்னால் ஒரு குழு இருந்தால்தான் மற்றவர்களின் குறை மன்றத்துக்குப் போய்ச்சேரும்.

எங்கள் கோரிக்கை இதுதான். சான்றிதழ் வழங்கும் மருத்துவக் குழு அறையின் வாசலிலும், மாவட்ட மாற்றுத்திறனாளிகள் நல அலுவலகத்திலும், ஏற்காடு அரசு மருத்துவமனையிலும் ஒரு பலகை வைக்க வேண்டும். 21 வகைக்கும் 21 வரி. ஒவ்வொன்றுக்கும் நேரே சங்கத்தின் பெயர், ஊர், போன் எண். சேலத்தில் இல்லாததற்குச் சென்னையோ டெல்லியோ எழுதலாம், காலியாக மட்டும் விடக் கூடாது. தனிப்பட்ட பெற்றோரின் எண்ணை அவர் சம்மதம் இல்லாமல் போடக் கூடாது. ஆறு மாதத்துக்கு ஒருமுறை ஒவ்வொரு எண்ணையும் அழைத்துப் பார்த்துத் திருத்தி, திருத்திய தேதியையும் அடியில் எழுத வேண்டும். பார்வையற்றோருக்கும் எழுதப் படிக்கத் தெரியாதோருக்கும் அந்த அறைப் பணியாளர் வாசித்துச் சொல்லி, சீட்டில் எழுதியும் கொடுக்க வேண்டும். மலையில் அடுத்த முகாமை ஏற்காட்டுச் சந்தை நாளில் வைத்தால், கிராமங்களிலிருந்து எப்படியும் டவுனுக்கு வருகிறவர்கள் தனியாகக் கூலியை இழக்காமல் வந்து அந்தச் சீட்டை வாங்கிப் போவார்கள்.

இப்படிக்கு,
மாற்றுத்திறனாளிகள் மறுவாழ்வுப் பணியில் உள்ள வாசகர்கள்,
அஸ்தம்பட்டி, சேலம்.