புழுக் கணக்கையும் வெளியிடுங்கள்

மதிப்பிற்குரிய ஆசிரியர் அவர்களுக்கு,

வணக்கம். வடகிழக்குப் பருவமழை தொடங்கிவிட்டால், டெங்கு காய்ச்சலால் மருத்துவமனையில் சேர்க்கப்பட்டோரின் எண்ணிக்கை தங்கள் நாளிதழின் மாவட்டப் பக்கத்தில் தவறாமல் இடம்பெறுகிறது. அதைப் படித்ததும், எங்கே படுக்கை கிடைக்கும், எங்கே இரத்தத் தட்டணு ஏற்றுவார்கள் என்ற பேச்சு எங்கள் ஊர்த் தேநீர்க் கடையில் தொடங்கிவிடுகிறது. ஆனால் நோயாளி படுக்கைக்கு வருவதற்குப் பல வாரங்களுக்கு முன்பே அந்த நோய் எந்தத் தெருவில் உருவாகப் போகிறது என்று வீடு வீடாகத் தேடி நடக்கும் பொது சுகாதாரத் துறை நம் மாநிலத்தில் இருக்கிறது. எத்தனை வீடுகளில் கொசுப்புழு இருக்கிறது என்ற வேறொரு கணக்கு அத்துறையின் கையில் இருக்கிறது. அதைப் பற்றி எழுதவே இக்கடிதம்.

நான் காங்கேயம் பகுதியில் தேங்காய் உலர்களம் நடத்துபவன். தேங்காயை உடைத்து வெயிலில் காயவைத்து, பருப்பைப் பிரித்து எண்ணெய் ஆலைக்கு அனுப்பியது போக, மிஞ்சும் தொட்டிகளை, அதாவது கொட்டாங்குச்சிகளை, கரி சுடுவோரின் வண்டி வரும் வரை களத்தின் ஓரத்தில் குவித்து வைப்போம். சில ஆண்டுகளுக்கு முன் ஓர் ஐப்பசி மாதத்தில் சுகாதார ஆய்வாளர் ஒருவரும் கொசு ஒழிப்புப் பணிக்கு அமர்த்தப்பட்ட இரு பெண்களும் களத்திற்கு வந்தார்கள். அப்பெண்களில் ஒருவர் குவியலின் அடியிலிருந்து ஒரு தொட்டியை உருவி, அதிலிருந்த மழைநீரை வெள்ளைக் கிண்ணத்தில் ஊற்றி, டார்ச் விளக்கை அதன்மேல் பிடித்தார். நீர்ப்பரப்பில் தலைகீழாகத் தொங்கிக்கொண்டிருந்த நான்கைந்து புழுக்கள் வெளிச்சம் பட்டதும் நெளிந்து அடிக்கு இறங்கின. "சும்மா கெடக்குற தொட்டிதானேன்னு நெனைக்காதீங்க ஐயா, இதுல பாருங்க" என்றார் அவர். அன்று மாலையே எனக்கு நோட்டீஸ் கொடுக்கப்பட்டது.

முப்பது ஆண்டுகளாகத் தொழில் செய்பவனுக்கு நோட்டீஸா என்று அப்போது எனக்குக் கோபம் வந்தது உண்மை. அடுத்த பத்து நாட்களுக்குள் களத்தை ஒட்டிய லைன் வீடுகளில் மூன்று குழந்தைகளுக்குக் காய்ச்சல் கண்டது. அவர்களில் ஒருத்தி, ஒடிசாவிலிருந்து வந்து எங்களிடம் வேலை பார்க்கும் தம்பதியரின் மகள். அவளைத் தனியார் கிளினிக் ஒன்றில் காட்டி ஊசி போட்டிருந்தார்கள். அங்கிருந்து சுகாதாரத் துறைக்கு எந்தத் தகவலும் போகவில்லை. நான்காம் நாள் காய்ச்சல் இறங்கியதும் பெற்றோர் நிம்மதி அடைந்து வேலைக்குத் திரும்பினார்கள். டெங்குவில் காய்ச்சல் தணியும் அந்த நாட்களே ஆபத்தானவை என்பதும், இரத்தக் குழாயிலிருந்து நீர் கசிந்து குழந்தை சோர்ந்து விழுவது அப்போதுதான் என்பதும் எங்களில் ஒருவருக்கும் தெரியாது. எங்கள் துணை சுகாதார நிலையத்துக் கிராம சுகாதார செவிலியர் லைன் வீடுகளில் காய்ச்சல் விசாரித்து வந்தபோது, வாந்தியெடுத்துத் துவண்டு கிடந்த அக்குழந்தையின் கையைத் தொட்டுப் பார்த்து, உடனே 108-க்குச் சொல்லி அனுப்பி வைத்தார். குழந்தை பிழைத்துக்கொண்டாள்.

இந்தச் செவிலியரும் அந்த ஆய்வாளரும் பொது சுகாதாரம் மற்றும் நோய்த் தடுப்பு மருந்துத் துறையைச் சேர்ந்தவர்கள். மருத்துவக் கல்லூரி மருத்துவமனைகளுக்கு ஓர் இயக்குநரகம், வட்ட, மாவட்டத் தலைமை மருத்துவமனைகளுக்கு மற்றோர் இயக்குநரகம் என்று இருக்க, நோய் வராமல் காப்பதற்கென்றே தனி இயக்குநரகமும் அதற்கென்று தனி அலுவலர் அணியும் வைத்திருப்பது தமிழ்நாட்டின் சிறப்பு. ஆரம்ப சுகாதார நிலையங்கள் இத்துறையின் கீழ்தான் இயங்குகின்றன. நூறாண்டு கடந்த துறை இது. இந்தியாவிலேயே முதன்முதலாகப் பொது சுகாதாரச் சட்டம் இயற்றிய மாகாணம் சென்னை மாகாணம். 1939-இல் வந்த அச்சட்டமே இன்றும் நடைமுறையில் இருக்கிறது. தொற்று நோய் கண்டால் மருத்துவர் தெரிவிக்க வேண்டிய கடமை, கொசு உற்பத்தியாகும் இடத்தின் உரிமையாளருக்கு நோட்டீஸ் கொடுக்கும் அதிகாரம் இரண்டும் அதில் உண்டு. எனக்கு வந்த நோட்டீஸுக்கு அடிப்படை அதுவே. கோவையில் பிளேக் மாரியம்மன் கோயில்களைக் கடந்து போகும்போதெல்லாம், பிளேக் கொள்ளைநோய்க் காலத்தில் வீட்டைப் பூட்டிவிட்டு ஊருக்கு வெளியே சாளை (குடிசை) போட்டுத் தங்கியதாக எங்கள் அப்பத்தா சொன்னது நினைவுக்கு வரும். அத்தகைய காலம் திரும்பாமல் இருப்பதில் இத்துறைக்குப் பெரும் பங்கு உண்டென்று உறுதியாக நம்புகிறேன்.

மக்களாகிய நாம் இத்துறையிடம் கேட்பது பெரும்பாலும் ஒன்றே ஒன்றுதான்: புகை மருந்து அடிக்க வேண்டும். புகை பறக்கும் கொசுவை மட்டுமே கொல்லும். தேங்கிய தண்ணீரில் இருக்கும் புழுவை அது தொடாது. டெங்குவைப் பரப்பும் ஏடிஸ் கொசு சாக்கடையை விட்டுவிட்டு, வீட்டில் சேமித்த நல்ல தண்ணீரையும் தேங்கிய மழைநீரையும்தான் நாடுகிறது. அதன் முட்டைகள் தண்ணீர்த் தொட்டியின் உட்சுவரில், நீர்மட்டத்தை ஒட்டி இருக்கும். தண்ணீரைக் கொட்டிவிட்டால் அவை போய்விடுவதில்லை. பல மாதங்கள் காய்ந்தே கிடந்து, மறுபடி நீர் பட்டதும் பொரிக்கின்றன. முட்டை கொசுவாக ஒரு வாரம் பத்து நாள் போதும். ஆகவேதான் வாரம் ஒருமுறை தொட்டியின் உட்சுவரைத் தேங்காய் நாரால் அழுத்தித் தேய்த்துக் கழுவச் சொல்கிறார்கள்.

இதைச் சொல்லும்போது வீட்டுப் பெண்களைக் குறைசொல்லும் போக்கு ஒன்று நம்மிடம் இருக்கிறது. அது நியாயமன்று. எங்கள் பகுதி மழை குறைந்த மேட்டுக்காடு. காவிரிக் கூட்டுக் குடிநீர் வாரத்துக்கு ஒருமுறை வரும். குழாய் உடைந்தால் இன்னும் நாளாகும். அப்படியிருக்க, சிமெண்ட் தொட்டி, டிரம், அண்டா, குடம் என்று பிடித்து வைக்காமல் எந்தக் குடும்பம் பிழைக்க முடியும்? பிடித்த தண்ணீரை அடுத்த முறை வரும்வரை கொட்டித் தேய்க்க யாருக்கு மனம் வரும்? குடிநீர் வழங்குவதை உள்ளாட்சியின் பொறுப்பாக வைத்துத் தனி அத்தியாயமே எழுதியது அந்த 1939-ஆம் ஆண்டுச் சட்டம். தண்ணீர் அடிக்கடி வந்தால் தொட்டி குறையும், தொட்டி குறைந்தால் கொசு குறையும். குடிநீர் வடிகால் வாரியமும் ஊராட்சியும் செய்ய வேண்டிய இந்தப் பாதியைச் செய்யாதவரை, சுகாதாரத் துறை மறுபாதியைச் செய்துகொண்டே களைத்துப் போகும்.

அந்த மறுபாதி யார் தோளில் இருக்கிறது என்று பார்த்தால் இன்னும் வருத்தமாக இருக்கிறது. டெங்கு மஸ்தூர்கள் என்று அழைக்கப்படும் கொசு ஒழிப்புப் பணிப் பெண்கள் தினக்கூலிகள். காய்ச்சல் கூடும்போது ஆள் கூட்டப்படுகிறது, குறைந்ததும் நிறுத்தப்படுகிறது. கூலி கைக்கு வரத் தாமதமாவதாக எங்கள் களத்திற்கு வரும் பெண்களே சொல்கிறார்கள். சித்திரையில் தண்ணீர்த் தட்டுப்பாட்டால் சேமிப்பு அதிகமாகும் நாட்களில்தான் வீடுகளைப் பார்க்க ஆள் இருப்பதில்லை. எந்த வீட்டின் குளிர்சாதனப் பெட்டிக்குப் பின்னால் நீர்த் தட்டு இருக்கிறது, எந்த வீட்டில் பயன்படாத ஆட்டுக்கல் மழையில் கிடக்கிறது, எந்த லைன் வீட்டில் இந்தியில் பேசினால்தான் கதவு திறக்கும் என்பதையெல்லாம் அறிந்தவர்களை மூன்று மாதத்தில் அனுப்பிவிட்டு, அடுத்த ஆண்டு புதியவர்களைக் கொண்டு முதலிலிருந்து தொடங்குவது பெரும் வீண். இவர்களை ஆண்டு முழுவதும் பணியில் வைக்க வேண்டும். ஒரே ஆய்வாளர் பல ஊராட்சிகளைச் சுமக்கும் நிலையும் மாற வேண்டும்.

தங்களிடம் கேட்க விரும்புவது இதுதான். இப்பெண்கள் பார்த்த நூறு வீடுகளில் எத்தனை வீடுகளில் புழு இருந்தது என்ற கணக்கைச் சுகாதாரத் துறை எடுக்கிறது. ஹவுஸ் இண்டெக்ஸ் என்று அதைச் சொல்கிறார்கள். காய்ச்சல் எண்ணிக்கை நடந்து முடிந்ததைச் சொல்கிறது. இக்கணக்கு வரப்போவதைச் சொல்கிறது. மாவட்ட சுகாதார அலுவலரிடம் அதைக் கேட்டுப் பெற்று, சித்திரை முதலே வாரந்தோறும் ஊராட்சி வாரியாக வெளியிட வேண்டுகிறேன். எங்கள் ஊராட்சியின் எண் பக்கத்து ஊராட்சியைவிட அதிகம் என்று அச்சில் வந்தால், களம் வைத்திருப்பவர்கள் அன்றே தொட்டிக் குவியலுக்குத் தார்ப்பாய் போடுவார்கள். என் களத்தில் அந்த ஐப்பசியிலிருந்து போட்டு வருகிறேன்.

இப்படிக்கு,
உலர்களம் நடத்தும் வாசகர்,
காங்கேயம், திருப்பூர் மாவட்டம்.