கலைப் பாடத்தைக் கடன் கொடுக்காதீர்கள்: பினாங்குத் தமிழ்ப்பள்ளித் தலைமையாசிரியர்களுக்கும் பெற்றோர் ஆசிரியர் சங்கங்களுக்கும் ஒரு திறந்த மடல்

அனைவருக்கும் வணக்கம்.

சுற்றி வளைக்காமல் சொல்லிவிடுகிறேன். நம் பள்ளிகள் பலவற்றில் கலை என்ற பெயரில் நடப்பது இரண்டே விஷயம்தான். அச்சடித்த படத்துக்குள் கோடு தாண்டாமல் வண்ணம் தீட்டுவது ஒன்று, பரிசளிப்பு விழாவுக்காக யூடியூபைப் பார்த்து ஒரு சினிமாப் பாட்டுக்கு ஆடுவது இன்னொன்று. நன்றாகச் செய்கிற ஆசிரியர்களும் இருக்கிறார்கள், அவர்கள் கோபித்துக்கொள்ள வேண்டாம், இந்த மடல் அவர்களுக்கு இல்லை.

பாடத்திட்டத்தின் மேல் பழி போடவும் முடியாது. காட்சிக்கலைக் கல்வியில் படம் வரைதல், தோரணியும் வடிவமைப்பும், உருவம் செய்தலும் கட்டுமானமும், பாரம்பரியக் கைவினை என்று நான்கு பகுதிகள் இருக்கின்றன, இசைக் கல்வி தனியாக இருக்கிறது. ஆனால் அட்டவணையில் இவற்றுக்குக் கிடைப்பது வாரத்தில் அரை மணி, மிஞ்சிப்போனால் ஒரு மணி நேரம், அதையும் கணிதமும் மலாய் மொழியும் கடன் வாங்கிக்கொள்ளும், வாங்கியதைத் திருப்பிக் கொடுத்த கதையே கிடையாது. 2021இல் ஆறாம் ஆண்டு யூபிஎஸ்ஆர் தேர்வை ரத்து செய்தபோது இனியாவது நேரம் கிடைக்கும் என்று நினைத்தோம். தேர்வு போனது, பழக்கம் போகவில்லை.

சரி, பிள்ளைகள் என்னதான் கற்றுக்கொள்ள வேண்டும்? என் கருத்து இதுதான்: ஆறு ஆண்டுகளில் ஒரு பிள்ளை கண்ணால் பார்த்ததைக் கையால் வரையவும், காதால் கேட்ட தாளத்தைத் தன் உடம்பில் பிடிக்கவும், ஒன்றைத் தானே யோசித்துத் தொடங்கி முடிக்கவும் பழகினால் போதும். அதற்குப் பெரிய செலவு வேண்டாம், நம்மிடம் இருப்பதைக் கொண்டே செய்யலாம்.

கோலத்தையே எடுத்துக்கொள்ளுங்கள். தீபாவளி நேரத்தில் பேரங்காடிகளில் வண்ண அரிசியைக் கொட்டிப் பெரிதாகப் போடுகிறோம், அது அழகுதான், ஆனால் அதில் பிள்ளைக்கு வேலை என்ன? பெரியவர்கள் வரைந்து வைத்த மயிலுக்குள் அரிசி நிரப்புவது, அவ்வளவுதான். அதுவும் வண்ணம் தீட்டும் போட்டியேதான். அதற்குப் பதிலாக ஒரு புள்ளிக் கோலம் கொடுங்கள். நேர்ப்புள்ளி 7, இரண்டு பக்கமும் 5, 3, 1 என்று குறைய வேண்டும், மொத்தம் 25 புள்ளி. இடைவெளி சமமாக வைப்பதற்கே எட்டு வயதுப் பிள்ளைக்கு மூச்சு வாங்கும். புள்ளி வைத்த பிறகு புள்ளிகளைத் தொடாமல் சுற்றி வளைத்துச் சிக்குக் கோலத்தை இழுக்க வேண்டும், ஒரு இடத்தில் வளைவு தப்பினால் நான்கு புள்ளி தள்ளித்தான் அது தெரியும், அப்புறம் எங்கே தப்பியது என்று திரும்பிப் போய்ப் பார்க்க வேண்டும். இது தோரணி இல்லையா, வடிவமைப்பு இல்லையா? பாடத்திட்டம் கேட்பது இதைத்தானே. சிமெண்டுத் தரை, ஒரு டப்பா கோலமாவு, மழை வந்தால் சதுரக் கட்டம் போட்ட கணித நோட்டு. ஆண் பிள்ளைகளையும் உட்கார வையுங்கள், அவர்களுக்கு வராது என்று யாராவது சொன்னால் நம்ப வேண்டாம்.

இசைக்கு வருவோம். ரெக்கார்டர் ஊதுவதில் எனக்கு மறுப்பு இல்லை, வீட்டில் கேட்பவர்கள் பாவம், அவ்வளவுதான். ஆனால் அதற்கு முன்னால், முதலாம் ஆண்டிலேயே, வெறும் கையால் ஆதி தாளம் போடச் சொல்லிக்கொடுங்கள். ஒரு தட்டு, சுண்டு விரல், மோதிர விரல், நடு விரல், பிறகு தட்டித் திருப்பி, தட்டித் திருப்பி, எட்டு. அது பழகிய பிறகு வகுப்பைப் பாதியாகப் பிரித்து ஒரு பாதியை ஒரே வேகத்தில் 'தகிட' என்றும் மறு பாதியை 'தகதிமி' என்றும் சொல்ல வையுங்கள். முதலில் ஒரே கலவரமாக இருக்கும், பன்னிரண்டு எண்ணி முடித்ததும் இரண்டு கூட்டமும் ஒரே நேரத்தில் முதல் எழுத்துக்கு வந்து சேரும். கணித ஆசிரியருக்கு இந்த அரை மணி நேரத்தின் மேல் கண் இருந்தால் வந்து கேட்டுவிட்டுப் போகட்டும், மீச்சிறு பொது மடங்கு இங்கேயே இருக்கிறது.

உறுமி மேளத்தைப் பற்றிச் சொன்னால் சிலர் முகம் சுளிப்பீர்கள். தைப்பூசத்தில் தண்ணீர்மலை அடிவாரத்தில் நம் பையன்கள் அடிக்கும் அடியைக் கேட்டிருக்கிறீர்கள்தானே? ஒரு பக்கத் தோலை வளைந்த குச்சியால் தேய்த்து அந்த முனகலை எழுப்புவது லேசான வித்தை இல்லை. யாரும் வகுப்பு வைக்காமலே அண்ணன்மாரைப் பார்த்துப் பழகிய பையன் வகுப்பில் கடைசி மேசையில் உட்கார்ந்திருக்கிறான், அவனுக்குத் தெரிந்த ஒன்றை ஒரு நாள் பள்ளி மண்டபத்தில் வாசிக்கச் சொன்னால் பள்ளியின் கௌரவம் குறைந்துவிடாது. குண்டர் கும்பல், சண்டை என்று பயப்படுவது புரிகிறது, அந்தப் பயத்துக்காகவே ஓர் ஆசிரியரின் கண்காணிப்பில் பள்ளிக்குள் நடப்பது நல்லது என்கிறேன்.

ஊரும் நமக்குச் சாதகமாக இருக்கிறது. 2008இல் யுனெஸ்கோ பட்டியலில் ஏறிய ஜார்ஜ் டவுனைப் பார்க்க உலகமே வருகிறது, நம் பிள்ளைகள் ஆர்மீனியன் தெருவில் 2012இல் ஓர் ஓவியர் வரைந்த சைக்கிள் பிள்ளைகள் சுவரோவியத்துக்கு முன்னால் நின்று படம் பிடித்துக்கொண்டு பேருந்து ஏறுகிறார்கள். அப்படியே நடந்து குவீன் தெரு மகாமாரியம்மன் கோயிலுக்கு வரலாம், 1833இல் எழுந்த கோயில், எதிர்ப்புறம் நிழலில் உட்கார வைத்துக் கோபுரத்தில் ஒரே ஒரு பொம்மையை மட்டும் ஒரு மணி நேரம் பார்த்து வரையச் சொல்லுங்கள். முழுக் கோபுரமும் வேண்டாம். பழைய கடைவீடுகளின் முன்னால் ஐந்தடி நடைபாதையில் பதித்திருக்கும் பூ ஓடுகளையும் கோலத்தையும் பக்கத்தில் பக்கத்தில் வரையச் சொல்லலாம். மதராஸ் பட்டாளத்தோடு வந்ததாகச் சொல்லப்படும் போரியா என்ற பாட்டுக் கூத்து இதே ஊரில்தான் வளர்ந்தது, ஒருவர் பாட மற்றவர்கள் திருப்பிப் பாடும் அந்த முறையில் ஐந்தாம் ஆண்டுப் பிள்ளைகள் தங்கள் பள்ளியைப் பற்றித் தாங்களே நாலு வரி கட்டமாட்டார்களா என்ன?

இதற்கெல்லாம் வெளியே நடன வகுப்பும் பாட்டு வகுப்பும் இருக்கின்றனவே என்று ஒரு கூட்டத்தில் ஒருவர் சொன்னார். இருக்கின்றன, மாதச் சம்பளமும் உடையும் சலங்கையும் வாங்க வசதி உள்ள வீட்டுப் பிள்ளைகளுக்கு. பிறையிலும் பட்டர்வொர்த்திலும் அடுக்குமாடி வீடுகளில் இருக்கும் பிள்ளைக்குப் பள்ளியின் அந்த அரை மணி நேரம் மட்டும்தான். அதைக் கடன் கொடுக்கும்போது யாருடையதைக் கொடுக்கிறோம் என்று பாருங்கள்.

2027இல் முதலாம் ஆண்டில் புதிய பாடத்திட்டம் தொடங்கும் என்று அமைச்சு அறிவித்திருக்கிறது. அது வருவதற்குள் நாமே செய்யக்கூடியது கொஞ்சம் இருக்கிறது. அடுத்த பெற்றோர் ஆசிரியர் சங்கக் கூட்ட நிகழ்ச்சி நிரலில் கலைப் பாடம் என்று ஒரு வரி சேருங்கள். வண்ணம் தீட்டும் போட்டிக்கு ஒதுக்கும் பரிசுப் பணத்தில் பாதியைக் கோலமாவுக்கும் வெள்ளைத் தாளுக்கும் கொடுங்கள். விழாவில் சினிமா நடனம் இருக்கட்டும், கூடவே பிள்ளைகளே அடவு கோத்து, பிள்ளைகளே தாளம் போடும் ஒரு நிகழ்ச்சியும் இருக்கட்டும், கொஞ்சம் கோணலாக வந்தாலும் மேடை ஏற்றுங்கள். கோலம் தெரிந்த பாட்டிமார்களைத் திரட்டிக்கொண்டு வருவது பெற்றோர்களாகிய எங்கள் பொறுப்பு, எந்தக் கிழமை வரலாம் என்று மட்டும் நீங்கள் சொல்லுங்கள்.

இப்படிக்கு,
ஆயர் ஈத்தாமிலிருந்து ஒரு தாய்