செவிலியர் சங்க ஆண்டறிக்கை

தலைவர் அவர்களுக்கும் உறுப்பினர்களுக்கும் வணக்கம்.

மாதக் கூட்டங்கள், செவிலியர் தின விழா, இரத்ததான முகாம் எல்லாம் வழக்கம்போல நடந்தன. வரவு செலவைப் பொருளாளர் வாசிப்பார். நான் விரிவாகச் சொல்ல வேண்டியது, இந்த ஆண்டு தொடங்கிய தடயவியல் செவிலியப் படிப்பு வட்டம் பற்றி. வன்முறைக்கு உள்ளானவர்களைக் கவனிக்கும்போதே வழக்குக்கு வேண்டிய தடயங்களையும் கெடாமல் காப்பதுதான் தடயவியல் செவிலியம்.

கேட்டவர்கள் இளைய சிஸ்டர்கள். இந்திய செவிலியர் கவுன்சில் 2021-இல் திருத்திய பி.எஸ்சி. பாடத்திட்டத்தில் இது தனிப் பாடம். நாங்கள் படித்த காலத்தில் எம்.எல்.சி. (போலீஸ் விசாரணைக்குரிய மருத்துவ வழக்கு) என்றால் பதிவேட்டில் எழுதிப் போலீஸுக்குச் சொல்வது, அவ்வளவுதான்.

இது அரசாணை போட்டு வந்த துறை அல்ல. பாலியல் வன்முறைக்கு உள்ளானவர்களைப் பயிற்சி பெற்ற செவிலியரே பரிசோதிக்கும் திட்டம் 1976-இல் அமெரிக்காவின் மெம்ஃபிஸில் தொடங்கியது. 1992-இல் மினியாபொலிஸில் 70-க்கும் மேற்பட்ட செவிலியர்கள் கூடித் தடயவியல் செவிலியர்களின் சர்வதேசச் சங்கம் அமைத்தார்கள். செவிலியர் வர்ஜீனியா லிஞ்ச் அதன் முதல் தலைவர். 1995-இல் அமெரிக்கச் செவிலியர் சங்கம் இதைச் சிறப்புத் துறையாக ஏற்றது. சங்கம் வைத்து என்ன கிடைத்தது என்று கேட்பவர்கள் கவனிக்கவும்!

நம் சட்டப்படி பரிசோதனை பதிவுபெற்ற மருத்துவரின் வேலை. ஆனால் கேஷுவால்டியில் தடயம் இருக்கும் சட்டையைக் கழற்றுவது யார்? நாம்தான். உயிர் காப்பதுதான் முதல் வேலை, சரி. அதற்காகக் கத்தி பாய்ந்த ஓட்டை வழியாகவே கத்தரிக்க வேண்டியதில்லை, அதை விட்டுத் தள்ளி வெட்டலாம். ஈரத் துணியை நிழலில் உலர்த்திக் காகித உறையில் போட வேண்டும். பாலிதீனில் கட்டினால் பூஞ்சை பிடித்து டி.என்.ஏ. கெட்டுப்போகும். நோயாளி சொன்னதை அவர் வார்த்தையிலேயே எழுத வேண்டும். உறையை யார் யாரிடம் எப்போது கொடுத்தார் என்பதற்குக் கையெழுத்து வேண்டும். இதையெல்லாம் பழைய சட்டைகளை வைத்துச் செய்து பார்த்தோம்.

பாலியல் வன்முறைக்கு உள்ளான பெண்ணின் பிறப்புறுப்பில் விரல் விட்டுப் பார்க்கும் இரு விரல் சோதனை கூடாது என்று உச்ச நீதிமன்றம் 2013-இலும் 2022-இலும் சொல்லிவிட்டது. யாராவது செய்ய முனைந்தால் டாக்டரிடம் எப்படிச் சொல்வது என்று ஒரு சிஸ்டர் கேட்டார். அன்று கூட்டம் முடிய இருட்டிவிட்டது. தனியாக வாதாடாமல் தீர்ப்பின் நகலைக் கையில் வைத்துக்கொண்டு, பொறுப்புச் செவிலியரையும் கூட்டிக்கொண்டு பேசுவது என்று முடிவானது.

காகித உறை கேட்டால் பல இடங்களில் ஸ்டோரில் இல்லை என்கிறார்கள். மேலிடத்துக்கு மனு கொடுத்திருக்கிறோம். பதில் வரும்வரை சங்கச் செலவில் வாங்கித் தர இந்தக் கூட்டம் ஒப்புதல் தர வேண்டும். அடுத்த ஆண்டு, நீதிமன்றத்தில் சாட்சி சொல்வது பற்றி வழக்கறிஞர் ஒருவரை அழைக்கலாம். அதற்குப் பெயர் கொடுப்பவர்கள் டூட்டி நேரத்தையும் சேர்த்து எழுதிக் கொடுக்கவும்.

செயலாளர்