வார்டு எலக்சனுக்கு வேட்பாளரைப் பொருத்திப் பாக்கற டூல் ஒண்ணு உங்க வெப்சைட்ல வேணும்ங்க

ஆசிரியர் ஐயாவுக்கு வணக்கம்ங்க.

நான் ஈரோட்டுல இருந்து எழுதறேன். வீட்டுல உங்க பேப்பர்தான் வாங்கறோம், மத்தியானத்துல உங்க வெப்சைட்டை போன்ல பாப்பேன். மாநகராட்சி, நகராட்சி, பேரூராட்சிக்கு கடைசியா 2022 பிப்ரவரி 19-ம் தேதி ஓட்டுப் போட்டோம், அஞ்சு வருசக் கணக்குப்படி அடுத்தது 2027-ல வரணும். அதுக்குள்ள உங்க வெப்சைட்ல ஒரு டூல் வெக்கணும்னு கேட்டுக்கத்தான் இந்தக் கடிதம். என் வார்டு விசயத்துல நான் என்ன நினைக்கறேன்னு சில கேள்விக்கு நான் பதில் சொல்லணும், அதே கேள்விக்கு வேட்பாளருங்களும் முன்னாடியே பதில் சொல்லியிருக்கணும், ரெண்டையும் பொருத்தி யாரு எனக்கு எவ்வளவு கிட்ட வர்றாங்கன்னு அது காட்டணும், அவ்வளவுதான்.

இதை நான் மொதல்ல பாத்தது 2021-ல. எங்க அண்ணன் மக ஜெர்மனில குடியுரிமை வாங்கி அங்கயே இருக்கா, அந்த வருசம் செப்டம்பர்ல அவங்க நாடாளுமன்றத் தேர்தல். வீடியோ கால்ல பேசிட்டிருக்கும்போது "அத்தை இதைப் பாருங்க"ன்னு ஸ்க்ரீனைக் காட்டுனா. வால்-ஓ-மாட்னு பேரு, அரசோட அரசியல் கல்வி அமைப்பு 2002-ல இருந்து நடத்துது. மொத்தம் 38 வாக்கியம். மொத வாக்கியமே நெடுஞ்சாலை எல்லாத்துலயும் வேகக் கட்டுப்பாடு வேணும்ங்கறது. கீழ ஒத்துக்கறேன், நடுநிலை, ஒத்துக்கலைன்னு மூணு பட்டன், வேண்டாம்னா தாண்டிப் போயிக்கலாம், ரொம்ப முக்கியம்னு நினைக்கறதுக்கு ரெட்டை மதிப்பு குடுத்துக்கலாம். கடைசில எந்தக் கட்சி எத்தனை சதவீதம் ஒத்துப்போகுதுன்னு வருது, அதுக்கும் கீழ ஒவ்வொரு வாக்கியத்துக்கும் அந்தக் கட்சியே எழுதிக் குடுத்த காரணம் இருக்குது. என்னைப் புடிச்சது அந்தக் காரணம்தாங்க. சதவீதத்தைப் பாத்துட்டு மூடிடாம ஒவ்வொண்ணா அவ படிச்சுட்டே இருந்தா, நடுவுல "இவங்க இப்படிச் சொல்லுவாங்கன்னு நான் நினைக்கவே இல்ல அத்தை"ன்னா. அந்த ஒரு தேர்தலுக்கு மட்டும் 2 கோடி தடவைக்கு மேல அதைப் பயன்படுத்தியிருக்காங்க.

கணக்கு ஒண்ணும் பெரிய வித்தை இல்ல. ரெண்டு பேரு பதிலும் ஒண்ணா இருந்தா 2 புள்ளி, ஒரு படி தள்ளியிருந்தா 1, நேர் எதிரா இருந்தா சைபர், எல்லாத்தையும் கூட்டி சதவீதம் போடறாங்க. நான் ஒரு துணிக்கடைல அக்கவுண்ட்ஸ் பாக்கறவ, எக்ஸெல்ல பத்து வரி போட்டு அரை மணி நேரத்துல செஞ்சே பாத்துட்டேன்.

கஷ்டம் எல்லாம் கேள்வியிலதான். தினமும் தண்ணி விடணுமான்னு கேட்டா எந்த வேட்பாளரு வேண்டாம்னு சொல்லப் போறாரு? 2022-ல எங்க வீட்டுக்கு ஏழு நோட்டீஸ் வந்துச்சு, ஏழுலயும் ரோடு, தண்ணி, தெருவிளக்கு, சாக்கடைன்னு ஒரே வரிசை, போட்டோவும் சின்னமும்தான் வேற. நான் எதை வெச்சு முடிவு பண்றது? அதனால எதையாவது விட்டுக்குடுத்தாத்தான் கிடைக்கும்ங்கற மாதிரி கேள்வி வேணும். தண்ணி வரியை ஏத்துனாலும் பரவால்ல, தினமும் தண்ணி விடணும், ஒத்துக்கறீங்களா? குப்பையைப் பிரிச்சுக் குடுக்காத வீட்டுக்கு அபராதம் போடலாமா? கடைவீதில ரோட்டோரக் கடைங்களை வேற எடத்துக்கு மாத்தலாமா? காளிங்கராயன் வாய்க்கால்ல சாயத்தண்ணி விடற பட்டறையை, அதுல வேலை செய்யறவங்க பொழப்பு பாதிச்சாலும் உடனே சீல் வெக்கச் சொல்லி கவுன்சிலரு மாமன்றத்துல பேசணுமா? இதுக்கெல்லாம் ஆமாங்கறவங்களும் இருப்பாங்க, இல்லைங்கறவங்களும் இருப்பாங்க. ஜெர்மனிலயும் மொதல்ல எம்பதுக்கு மேல வாக்கியம் தயார் பண்ணி கட்சிங்களுக்கு அனுப்பறாங்க, பதில் வந்தப்பறம்தான் அதுல இருந்து 38-ஐ எடுக்கறாங்க, எல்லாரும் ஒரே பதில் சொன்னதை வெச்சுட்டு என்ன பண்றது. வாக்கியம் எழுதற குழுவுல மொத தடவை ஓட்டுப் போடற வயசுப் பசங்க உக்கார்றாங்க. நம்ம ஊருலயும் காலேஜ் பசங்க இருக்காங்க, உங்க நிருபருங்க இருக்காங்க, எந்தத் தெருவுல எது பிரச்சனைன்னு அவங்களுக்குத்தான் தெரியும்.

பதில் வேட்பாளரு கையெழுத்துப் போட்டுக் குடுத்ததா இருக்கணும்ங்க, உங்க ஆபீஸ்ல உக்காந்து இவரு இப்படித்தான் நினைப்பாருன்னு போடக்கூடாது. பதில் தராதவங்க பேருக்கு நேரா "பதில் தரவில்லை"ன்னு வெத்து கட்டமாவே விட்டுருங்க, அதைப் பாக்கறவங்களுக்கே புரியும். மகளிர் வார்டுல அந்த அம்மாவே பதில் சொல்லணும், வீட்டுக்காரரு சொன்னதை வாங்கிப் போடாதீங்க. உள்ளாட்சில பாதி இடம் பொம்பளைங்களுக்குன்னு சட்டம் வந்தும் எத்தனை நோட்டீஸ்ல வீட்டுக்காரரு படம்தான் பெருசா இருக்குதுன்னு நீங்களே பாத்திருப்பீங்க, எனக்கு இது ரொம்ப வருத்தமான விசயம்.

சுயேச்சைங்களை விட்டுராதீங்க. 2019-ல ஐரோப்பிய நாடாளுமன்றத் தேர்தலுக்கு முன்னாடி வால்-ஓ-மாட்டையே கொலோன் கோர்ட் நிறுத்திடுச்சு, ஒரே நேரத்துல எட்டுக் கட்சியைத்தான் ஒப்பிட முடியுது, சின்னக் கட்சிங்க அடிபடுதுன்னு வோல்ட்ங்கற சின்னக் கட்சி கேஸ் போட்டிருந்துச்சு. அப்பறம் சமாதானம் ஆகி, எல்லாக் கட்சியையும் ஒப்பிடற மாதிரி மாத்துனாங்க. வார்டுல நிக்கற சுயேச்சை நம்ம தெருவுக்காரராவே இருப்பாரு, அவருக்கும் அதே கேள்வி, அதே எடம்.

என் மொத ஓட்டு 1996-ல மொடக்குறிச்சி சட்டமன்றத் தேர்தல்ல போட்டது. விவசாயிங்க கோரிக்கையை யாரும் காதுல வாங்கலைன்னு கூட்டங்கூட்டமா மனு போட்டு 1033 பேரு நின்ன தேர்தலுங்க அது. ஓட்டுச் சீட்டு புத்தகம் மாதிரி கைல குடுத்தாங்க. அம்மா எழுத்துக் கூட்டித்தான் படிப்பாங்க, பக்கம் பக்கமா திருப்பி சின்னத்தைத் தேடுனதைப் பத்தி வீட்டுக்கு வர்ற வரைக்கும் பேசிட்டே வந்தாங்க. அதுக்கப்பறம் டெபாசிட்டை ஏத்திட்டாங்க, அவ்வளவு பேரு இனி நிக்க மாட்டாங்க. ஆனா அந்த 1033 பேருல பெரும்பாலானவங்க என்ன கேட்டு நின்னாங்கன்னு அந்தச் சீட்டைப் பாத்து யாருக்கும் தெரியாது, பேரும் சின்னமும்தான். இப்பவும் மிசின்ல அதேதான், போட்டோ மட்டும் சேந்திருக்குது. சொத்து, வழக்கு, படிப்பு எல்லாம் 2003-ல சுப்ரீம் கோர்ட் சொன்னதுக்கப்பறம் பிரமாணப் பத்திரத்துல தெரிஞ்சுக்க முடியுது, நல்ல விசயம். ஜெயிச்சு வந்து என்ன செய்வாங்கங்கறதை எழுதி வாங்கற எடம்தான் இன்னும் இல்ல.

ஒரு பயமும் இருக்குது. போன எலக்சன் சமயத்துல ஒரு வெப்சைட்ல "உங்க கட்சி எது"ன்னு க்விஸ் வந்துச்சு, புடிச்ச தலைவரு யாரு, புடிச்ச கலரு எதுன்னு கேள்வி, கடைசில ரிசல்ட் பாக்க போன் நம்பரும் ஓடிபியும் கேட்டுச்சு. தெரியாம குடுத்துட்டேன், ஓட்டுப் போடற நாள் வரைக்கும் ரெக்கார்டட் கால் நிக்கல. எங்க ஊருல யாரு எந்தப் பக்கம்னு தெரிஞ்சா தெருவுல தண்ணி கேக்கப் போகும்போதே அது பேச்சா வரும். தயவுசெஞ்சு நம்பர், பேரு, லாகின் எதுவும் கேக்காதீங்க. கணக்கு போனுக்குள்ளயே நடந்து முடியட்டும், பதில் உங்க சர்வருக்கே வர வேண்டாம். இத்தனை பேரு இந்த வேட்பாளருக்குப் பொருந்துனாங்கன்னு செய்தியும் போடாதீங்க, அது கருத்துக்கணிப்பு மாதிரி ஆயிடும். பிரச்சாரம் ஓயற நேரத்துல டூலையும் மூடிருங்க.

டூல் யாருக்கும் ஓட்டுப் போடச் சொல்லலைங்கறதை மொதப் பக்கத்துலயே பெருசா எழுதுங்க. 62 சதவீதமும் 58 சதவீதமும் வந்தா பெரிய வித்தியாசம் இல்ல, ஆளு எப்படிப்பட்டவருன்னு சதவீதம் சொல்லாது, அதை நாமதான் விசாரிக்கணும்.

தமிழ்நாடு முழுக்க ஒரே நேரத்துல முடியாதுன்னா ஈரோட்டோட 60 வார்டுல மட்டும் வெச்சுப் பாருங்க. ஸ்மார்ட்போன் இல்லாதவங்களுக்கு வேட்பாளருங்க பதிலை வார்டு வாரியா மாவட்டப் பக்கத்துல அட்டவணையா போடுங்க. நெதர்லாந்துல 1989-ல இந்த மாதிரிப் பொருத்திப் பாக்கற டூல் ஆரம்பிச்சதே காகிதத்துலதான், ஆன்லைனுக்கு வந்தது 1998-ல. எங்க வார்டுக்கு நான் எழுதுன பன்னெண்டு கேள்வியை இந்தக் கடிதத்தோட வெச்சிருக்கேன், நல்லா இருந்தா எடுத்துக்குங்க, சரியில்லைன்னா திருத்திக்குங்க.

இப்படிக்கு,
வாசகி ஒருத்தி,
ஈரோடு.