கோவை பம்ப் உற்பத்தியாளர்களுக்கு: நிறுவனப் படம் எடுக்கும் முன்பு

மதிப்புக்குரிய பம்ப், மோட்டார் உற்பத்தியாளர்களுக்கு வணக்கம்.

நம் ஊர்க் கண்காட்சி வளாகமான கொடிசியா அரங்கில் தொழிற்கண்காட்சி நடக்கும் நாட்களில் ஸ்டால்களைச் சுற்றி வருபவர்களுக்கு, எல்லாத் திரைகளிலும் ஒரே படம் ஓடுவதாகத் தோன்றினால் வியப்பில்லை. டிரோன் தொழிற்சாலைக் கூரைக்கு மேல் எழும்புகிறது, பூமி உருண்டை சுழல்கிறது, நிர்வாக இயக்குநர் மேசைக்குப் பின்னால் அமர்ந்து தரத்தைப் பற்றிப் பேசுகிறார். பெயர்ப்பலகையை மட்டும் மாற்றினால் எந்த நிறுவனத்துக்கும் அது பொருந்திவிடும். இப்படங்களுக்கு ஸ்கிரிப்ட் எழுதுவதைத் தொழிலாகக் கொண்டவன் என்ற முறையில் சொல்கிறேன்: இதற்குக் காரணம் பெரும்பாலும் கேமரா பிடிப்பவரின் திறமைக் குறைவு அன்று, இந்தப் படத்தை யார் பார்க்கப் போகிறார், பார்த்தபின் அவர் என்ன செய்ய வேண்டும் என்பதை யாரும் முடிவு செய்யாமலேயே கொட்டேஷன் கேட்கப்படுவதுதான்.

ஆழ்துளைக் கிணற்றுக்கு மோட்டார் விற்கும் டீலர், ஆப்பிரிக்காவிலிருந்து வரும் இறக்குமதியாளர், கடன் தரும் வங்கி அதிகாரி, வேலை தேடும் இளம் பொறியாளர் ஆகிய நால்வரையும் ஒரே படத்தால் திருப்திப்படுத்த நினைக்கும்போதுதான் அது ஏழு, எட்டு நிமிடங்களுக்கு நீண்டு, நால்வரில் ஒருவரும் இறுதிவரை பார்க்காத ஒன்றாக முடிகிறது. ஒருவரைத் தேர்ந்தெடுங்கள். மற்றவர்களுக்கு அதே ஷூட்டிங்கில் கிடைக்கும் காட்சிகளைக் கொண்டு தனித்தனியாகச் சிறு படங்கள் வெட்டிக்கொள்ளலாம். இதை முன்கூட்டியே சொல்லிவிட்டால் கூடுதல் செலவும் பெரிதாக இராது.

இறக்குமதியாளரையே எடுத்துக்கொள்வோம். அவருக்கு உங்கள் வரவேற்பறையின் கிரானைட் தரை தேவையில்லை. நீர்மூழ்கி மோட்டாரின் ஸ்டேட்டர் (சுழலாமல் நிற்கும் பகுதி) காடிகளில் வைண்டிங் கம்பியை ஒவ்வொரு சுற்றாகக் கையால் கோக்கும் தொழிலாளியின் விரல்களை அவர் அருகிலிருந்து பார்க்க விரும்புவார். டெஸ்ட் பெட்டில் (சோதனை மேடையில்) பம்ப் ஓடும்போது நீரின் அளவும் அழுத்தமும் மின்னோட்டமும் மீட்டர்களில் ஏறி நிலைகொள்வதை வெட்டாமல் ஒரே காட்சியாகக் காட்டினால், நீர்மூழ்கி பம்புகளுக்கான இந்தியத் தரநிலையான ஐ.எஸ். 8034 முத்திரையைத் திரையில் நான்கு முறை சுழற்றுவதைவிட அது அவருக்கு நம்பிக்கை தரும். அதே கண், பின்னணியில் கையுறை இல்லாமல் கிரைண்டிங் செய்பவரையும் செருப்புக் காலோடு நடப்பவரையும் கவனிக்கும் என்பதை மறக்க வேண்டாம். ஷூட்டிங் அன்று காலையில் புதுத் தலைக்கவசம் வாங்கிக் கொடுப்பதும் திரையில் அப்படியே தெரியும்.

இவற்றையெல்லாம் எடுக்க, படக்குழு ஒரு நாளாவது கேமரா இல்லாமல் உங்கள் ஆலைக்குள் நடக்க வேண்டும். ஃபவுண்டரியில் (வார்ப்பாலையில்) எந்த நேரத்தில் உலையிலிருந்து இரும்பு ஊற்றப்படும் என்று தெரியாமல் வந்தால், சுமார் 1,400 டிகிரி வெப்பத்தில் ஒளிரும் அந்தச் சில நிமிடங்கள் குழு சாப்பிடப் போயிருக்கும்போது கடந்துவிடும். நமது மின்சாரம் 50 ஹெர்ட்ஸ் என்பதால் ஆலையின் விளக்குகளில் பல, ஒரு நொடிக்கு 100 முறை மினுங்குகின்றன. கேமராவை அதற்கேற்ப, நொடிக்கு 25 ஃபிரேம், ஷட்டர் 1/50 நொடி என்பதுபோல் வைக்காவிட்டால் திரையில் ஒளி பட்டை பட்டையாக ஓடக்கூடும். விளக்கின் வகையைப் பொறுத்து அதுவும் போதாமல் போகலாம் என்பதால் முன்னதாகவே சோதித்துப் பார்த்தாக வேண்டும். பிரஸ் ஓடும் கூடத்தில் பேட்டி எடுத்துவிட்டு, சத்தத்தை எடிட்டிங்கில் நீக்கிக்கொள்ளலாம் என்று யாரேனும் சொன்னால் நம்பாதீர்கள். டிரோனுக்கும் இதே கதைதான்: பீளமேடு விமான நிலையத்தை ஒட்டிய ஆலைகளில், 2021ஆம் ஆண்டின் டிரோன் விதிகளின்படி முன் அனுமதி பெறாமல் பறக்கவிட முடியாது. அந்தக் காட்சி இல்லாவிட்டால் படத்துக்கு ஒன்றும் குறைந்துவிடாது என்பது என் கருத்து.

கண்காட்சிக் கூடத்தின் இரைச்சலில் பின்னணிக் குரல் எவர் காதிலும் விழாது. ஸ்டாலுக்கான படம் ஒலியே இல்லாமல் புரிய வேண்டும். திரையில் வரும் எழுத்துகள் நான்கடி தொலைவில் நிற்பவருக்குப் படிக்கும்படி இருக்க வேண்டும். தமிழிலும் ஆங்கிலத்திலும் குரல் வேண்டுமென்றால், இரண்டு ஸ்கிரிப்டையும் எடிட்டிங்குக்கு முன்பே வாசித்து நேரம் பார்த்துவிடுங்கள். ஆங்கிலத்துக்கு வெட்டிய படத்தில் தமிழைத் திணித்தால், வாசிப்பவர் மூச்சு வாங்க இடமிருக்காது.

ஒப்புதல் தரும் பொறுப்பை ஒருவரிடம் கொடுங்கள். ஸ்கிரிப்டைப் பார்க்காத மூத்த பங்குதாரர் இறுதிப் பதிப்பில் முதன்முறையாகக் கருத்துச் சொல்லும்போதுதான் பணமும் நாட்களும் வீணாகின்றன. அவரைத் தவிர்க்கச் சொல்லவில்லை. ஸ்கிரிப்ட் தாளாக இருக்கும்போதே அவர் கையில் கொடுங்கள் என்கிறேன்.

ஒப்பந்தத்தைப் பற்றியும் ஒரு சொல். 1957ஆம் ஆண்டின் பதிப்புரிமைச் சட்டத்தின் 17ஆம் பிரிவுப்படி, பணம் கொடுத்து எடுக்கச் சொன்ன படத்தின் முதல் உரிமை, வேறு உடன்பாடு இல்லாதவரை, எடுக்கச் சொன்னவருக்கே உரியது. ஆனால் ரா ஃபுட்டேஜும் (வெட்டாத மூலக் காட்சிகளும்) எடிட்டிங் கோப்புகளும் உங்களுக்குத் தரப்படுமா, எவ்வளவு காலம் பாதுகாக்கப்படும், இசைக்கான உரிமம் எதற்கெல்லாம் செல்லும் என்பவற்றை எழுத்தில் வாங்கிக்கொள்ளுங்கள். திரைப்பாடலின் மெட்டைப் பின்னணியில் போடச் சொல்லிக் கேட்காமலிருப்பதும் நலம்.

அடுத்த முறை உங்கள் மேசைக்கு வரும் கொட்டேஷனில், ஷூட்டிங் நாட்களுக்கு மேலே, ஆலையைப் பார்வையிடுவதற்கும் ஸ்கிரிப்டுக்கும் என்று ஒரு தொகை தனியாக இருந்தால், பேரம் பேசும்போது அந்த வரியை முதலில் அடித்துவிடாதீர்கள் என்று கேட்டுக்கொள்கிறேன்.

இப்படிக்கு,
உங்கள் ஊர் ஸ்கிரிப்ட் எழுத்தாளன்