ஞாயிறு பள்ளிப் பெற்றோருக்குத் தலைமையாசிரியர் கடிதம்: வீட்டு ஜெபத்தைக் குறித்து

கிறிஸ்துவுக்குள் பிரியமான பெற்றோர்களுக்கு,

ஸ்தோத்திரம். மே மாதத்து விடுமுறை வேதாகமப் பள்ளி நல்லபடியாக முடிந்ததற்கு உங்களுக்கு நன்றி சொல்லித்தான் இக்கடிதத்தைத் தொடங்க வேண்டும். அலுவலகத்துக்கு விடுப்பு எடுத்துக்கொண்டு பத்து நாளும் பிள்ளைகளுக்குத் தயிர்சாதம் கட்டித் தந்த தாய்மார்களையும், ஒயிட்ஃபீல்டிலிருந்து இரண்டு வண்டி மாறிப் பிள்ளைகளைக் கொண்டுவந்து விட்ட தாத்தாக்களையும் ஆசிரியர்கள் நாங்கள் மறக்கமாட்டோம். ஆனால் ஜூன் மாதத்தின் மூன்று ஞாயிறுகளின் வருகைப் பதிவேட்டைப் பார்த்தபோது, அந்தப் பத்து நாளும் தொண்டை கட்டும்வரை பாடிய பிள்ளைகளில் பாதிப் பேரைக் காணவில்லை. வந்தவர்களிடமும், வீட்டில் வேதம் வாசிக்கிறீர்களா என்று கேட்டால், ஒருவர் முகத்தை ஒருவர் பார்த்துக்கொள்கிறார்கள்.

வருகை குறைந்ததைக் குறித்து முறையிடுவதற்காக இதை நான் எழுதவில்லை. ஒரு வாரத்தில் 168 மணி நேரம் இருக்கிறது; அதில் ஞாயிறு பள்ளிக்குக் கிடைப்பது ஒன்றரை மணி நேரம், அதிலும் கால் மணி நேரம் வருகைப் பதிவிலும் காணிக்கை எடுப்பதிலும் கழிந்துவிடுகிறது. மீதி நேரமெல்லாம் பிள்ளை இருப்பது உங்கள் வீட்டிலும், பள்ளியிலும், பள்ளி வாகனத்திலும், கைபேசித் திரையின் முன்னாலும்தான். ஆகையால் பிள்ளையின் விசுவாசம் வளருகிற இடம் எங்கள் வகுப்பறை என்று நீங்கள் எண்ணியிருந்தால், அந்த எண்ணத்தை மாற்றிக்கொள்ளும்படி உங்களைக் கேட்டுக்கொள்ளவே இந்தக் கடிதம்.

இவ்வாண்டு விடுமுறைப் பள்ளியின் பாடம் தானியேல் என்பது உங்களுக்குத் தெரியும். ஜெபித்ததற்காகத் தானியேல் போடப்பட்ட சிங்கக் கெபியின் படத்துக்கு வண்ணம் தீட்டாத பிள்ளை இல்லை. ஆனால் சிங்கங்களுக்கு முன்னால் வருகிற ஒரு சிறு வாக்கியத்தை நாம் பெரும்பாலும் தாண்டிப் போய்விடுகிறோம். ராஜாவைத் தவிர வேறு எவரிடத்திலும் முப்பது நாள் விண்ணப்பம் செய்யலாகாது என்ற கட்டளைப் பத்திரத்தில் கையெழுத்து வைக்கப்பட்டதென்று அறிந்தபோதும், தானியேல் தன் வீட்டுக்குப் போய், எருசலேமுக்கு நேராகப் பலகணிகள் திறந்திருந்த மேலறையில், தினம் மூன்று வேளையும் முழங்காற்படியிட்டு ஜெபித்தான் என்று ஆறாம் அதிகாரம் சொல்கிறது. தான் முன் செய்துவந்தபடியே செய்தான் என்பதையும் அதே வசனம் சேர்த்துச் சொல்கிறது. ஆபத்து வந்த நாளில் அவன் புதிதாக ஒன்றையும் தொடங்கவில்லை. பாபிலோனியரின் அரசு போய் மேதியனான தரியுவின் காலம் வந்திருந்தது. இளம்பிள்ளையாகச் சிறைபிடித்துக் கொண்டுவரப்பட்டவன் அப்போது முதியவனாகியிருந்தான். இடைப்பட்ட பல்லாண்டுகளில், யாரும் பார்க்காத சாதாரண நாட்களில், அந்த முழங்கால்கள் பழகியிருந்தன.

அவனுடைய தொடக்கத்தையும் பாருங்கள். அந்நிய தேசம், அந்நிய மொழி; பேரையும் பெல்தெஷாத்சார் என்று மாற்றிவிட்டார்கள். பெங்களூரில் வளருகிற நம் பிள்ளைகளுக்கு இது அந்நியமான கதையன்று. பள்ளியில் ஆங்கிலமும் கன்னடமும், சிலருக்கு இந்தியும். தமிழ் என்பது பாட்டியோடு பேசவும் ஆராதனையில் கேட்கவும் மட்டும் உள்ள மொழி. தானியேல் தன் புதிய ஊரின் கல்வியை மறுக்கவில்லை, பாபிலோனை ஆண்ட கல்தேயரின் எழுத்தையும் மொழியையும் நன்றாகவே கற்றான். நம் பிள்ளைகளும் கற்கட்டும். ஆனால் அவன் தனியாக இருக்கவில்லை என்பதை நாம் கவனிக்கவேண்டும். அனனியா, மீஷாவேல், அசரியா என்ற மூன்று தோழர்கள் உடன் இருந்தார்கள். பாபிலோன் ராஜாவான நேபுகாத்நேச்சாரின் சொப்பனத்தை வெளிப்படுத்தாவிட்டால் ஞானிகள் எல்லாரோடும் தன் உயிரும் போகும் என்ற நிலையில், ராஜாவிடம் தவணை கேட்டபின் அவன் செய்தது தன் வீட்டுக்குப் போய் அந்த மூவருக்கும் காரியத்தைத் தெரிவித்து, கூட ஜெபிக்கும்படி கேட்டதுதான். உங்கள் மகனுக்கோ மகளுக்கோ நெருக்கடி வந்தால் ஜெபிக்கச் சொல்லிக் கேட்க மூன்று நண்பர்கள் இருக்கிறார்களா? அவர்களுடைய பேர் உங்களுக்குத் தெரியுமா?

இங்கே என் தவறு ஒன்றையும் ஒப்புக்கொள்ளவேண்டும். மனப்பாட வசனங்களுக்கு நட்சத்திரம் ஒட்டுகிற அட்டையைப் பல ஆண்டுகளுக்கு முன் வேறொரு சபையில் ஆசிரியையாக இருந்தபோது நானே பெருமையோடு தொடங்கினேன். ஒரு சிறுமி, கர்த்தர் என் மேய்ப்பராயிருக்கிறார் என்று தொடங்கும் இருபத்துமூன்றாம் சங்கீதத்தை ஒரு சொல்லும் பிழையாமல் ஒப்புவித்து முதற்பரிசு வாங்கினாள். மேடையிலிருந்து இறங்கி வந்தவள் என் சேலையைப் பிடித்துக்கொண்டு, "ஆன்ட்டி, மேய்ப்பர்னா யாரு?" என்று கேட்டாள். வசனத்தை மனப்பாடம் செய்வதற்கு நான் எதிரி அல்ல. இன்றைக்கும் செய்யச் சொல்கிறேன். ஆயினும் அதன் பொருளை ஒருவர் வீட்டில் உட்கார்ந்து பேசாதவரையில் அது நாக்கோடு நின்றுவிடுகிறது.

உபாகமம் ஆறாம் அதிகாரம் இந்தப் பேச்சுக்கு நான்கு வேளைகளைக் குறிக்கிறது: வீட்டில் உட்கார்ந்திருக்கிறபோது, வழியில் நடக்கிறபோது, படுத்துக்கொள்ளுகிறபோது, எழுந்திருக்கிறபோது. காலை ஆறே முக்காலுக்குப் பள்ளி வாகனம் வந்துவிடுகிறது, தகப்பனார் வெளிவட்டச் சாலையின் நெரிசலைத் தாண்டி வீடு சேர இரவு ஒன்பதாகிறது, குடும்ப ஜெபத்துக்கு நேரம் எங்கே என்று பலர் என்னிடம் கேட்டிருக்கிறீர்கள். நியாயமான கேள்வி. ஆனால் வழியில் நடக்கிறபோது என்பதைச் சில்க் போர்டு சிக்னலில் நிற்கிறபோது என்று வாசித்தாலும் வேதத்துக்கு விரோதம் ஒன்றுமில்லை. நான் கேட்பது இரவு உணவுக்குப் பிறகு பத்து நிமிடம். மாற்கு சுவிசேஷத்தில் 16 அதிகாரங்கள். நாளுக்கு அரை அதிகாரம் வாசித்தால் 32 நாளில் முடிந்துவிடும். வாசித்ததும், புரியாதது எது என்று பிள்ளையைக் கேளுங்கள். உங்களுக்கும் பதில் தெரியாவிட்டால் தெரியாது என்று சொல்லி, கேள்வியை எழுதி ஞாயிறன்று கொடுத்தனுப்புங்கள். பிறகு ஆளுக்கு ஒரு வரி ஜெபம் போதும். பெரியவர்கள் அரை மணி நேரம் ஜெபித்து, பிள்ளைகள் தூங்கி விழுகிற வீடுகளையும் நான் அறிவேன்.

இரண்டு காரியங்களில் மட்டும் கண்டிப்பாகச் சொல்கிறேன். அந்தப் பத்து நிமிடத்தில் அச்சிட்ட வேதாகமத்தை எடுத்துக்கொள்ளுங்கள். கைபேசியில் வாசித்தால் ஐந்தாம் வசனத்தில் அலுவலகச் செய்தி வந்து நிற்கும், அதைத் திறக்கிற உங்கள் விரலைப் பிள்ளை பார்த்துக்கொண்டிருக்கும். அடுத்ததாக, வேத வாசிப்பைத் தண்டனையாக்காதீர்கள். குறும்பு செய்த பிள்ளையை "போய் சங்கீதம் வாசி" என்று அறைக்கு அனுப்புவதும், ஜெபம் செய்யாவிட்டால் கணக்கில் மதிப்பெண் குறையும் என்று பயமுறுத்துவதும் எந்த நோக்கத்தோடு செய்யப்பட்டாலும் தேவனைக் குறித்து ஒரு பொய்யைக் கற்பித்துவிடுகின்றன.

தமிழா ஆங்கிலமா என்ற கேள்வியைப் பற்றி நீண்ட வாதம் வேண்டாம். பிள்ளைக்குப் புரிகிற மொழியில் பிள்ளை வாசிக்கட்டும். அதே பகுதியை நீங்கள் தமிழில் வாசித்துக் காட்டுங்கள்.

பெற்றோரில் ஒருவர் மட்டுமே விசுவாசியாக இருக்கிற குடும்பங்களும் நம் நடுவில் உண்டு. அப்படிப்பட்ட தாய்மார் சிலர், "எங்கள் வீட்டில் குடும்ப ஜெபம் நடக்காது" என்று கூச்சத்தோடு சொல்லியிருக்கிறார்கள். பவுலின் உடன் ஊழியனான தீமோத்தேயுவின் தகப்பன் கிரேக்கன் என்று அப்போஸ்தலர் நடபடிகள் சொல்கிறது. அவனுக்குள் இருந்த மாயமற்ற விசுவாசத்தைப் பற்றிப் பவுல் எழுதும்போது, பாட்டி லோவிசாளையும் தாய் ஐனிக்கேயாளையும் பேர் சொல்லி நினைவுகூர்கிறார். நாகர்கோவிலிலோ பாளையங்கோட்டையிலோ இருக்கிற பாட்டி ஞாயிறு மாலை காணொளி அழைப்பில் பேரப்பிள்ளைக்காக ஐந்து நிமிடம் ஜெபித்தால், அதுவும் வீட்டு ஜெபம்தான். கணவரோடு சண்டையிட்டு ஜெபத்தை நடத்தவேண்டாம். பிள்ளையின் படுக்கையருகே உட்கார்ந்து செய்யுங்கள்.

ஞாயிறு காலைப் பயிற்சி வகுப்புகளையும் கிரிக்கெட் பயிற்சியையும் குறித்து, தேர்வு ஆண்டில் இருக்கிற பிள்ளைகளின் பெற்றோரிடம் தனித்தனியே பேசுகிறேன். பிள்ளையை வாசலில் இறக்கிவிட்டு வண்டியிலேயே காத்திருக்கிற தகப்பன்மாருக்கு மாத்திரம் ஒரு வேண்டுகோள்: உள்ளே வாருங்கள். ஜூலை முதல் ஞாயிறிலிருந்து, பிள்ளைகளின் வகுப்பு நடக்கிற அதே நேரத்தில், பெற்றோருக்காக மண்டபத்தின் பின் அறையில் மாற்கு சுவிசேஷ வாசிப்பு தொடங்குகிறது. நடத்துகிறவர் ஒருவரும் இல்லை. முறை வைத்து வாசிப்போம். வீட்டில் அச்சிட்ட வேதாகமம் இல்லாதவர்களுக்குத் தமிழும் ஆங்கிலமும் சேர்ந்த பிரதிகளை எம்.ஜி. சாலையிலுள்ள வேதாகமச் சங்கத்தில் வாங்கித் தர ஏற்பாடு செய்கிறோம். எத்தனை வேண்டும் என்பதைப் பிள்ளையின் வகுப்பாசிரியரிடம் இம்மாதக் கடைசி ஞாயிறுக்குள் எழுதிக் கொடுக்கவும். தேநீர் உண்டு.

கர்த்தருடைய பணியில்,
தலைமையாசிரியர், ஞாயிறு பள்ளி,
பெங்களூரு